பன்னிரண்டு மரத்துக்கு ஒரு தொரட்டி

மூங்கில் தொரட்டியின் கொக்கி உசிலையின் செந்துளிரைத் தொட்டபடி நிற்கிறது, இழுத்தால் கிளை வரும், இழுக்கவில்லை, என் கைதான் அது, இன்றைய கையா பதினோராண்டுக்கு முந்தைய கையா என்று எனக்கே தெளிவில்லை, அன்றும் இப்படித்தான் மூன்றாண்டு வறட்சிக்குப் பின் மாசியில் மழை பெய்தது, எங்கள் பாறைக் கரட்டின் உசிலை மரங்கள் துளிர்த்தன, தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு இலை உருவி விற்றுப் பிழைக்கும் பெண்களாகிய நாங்கள் ஒரே காலையில் இருபத்தொரு மரத்தையும் மொட்டையாக்கினோம், சித்திரையில் பூ இல்லை, பூ இல்லாததால் தேனீ இல்லை, தேனீ வராததால் கீழ்க்காட்டுப் பூசணியில் பிஞ்சு நிற்கவில்லை, ஒன்பது மரங்கள் மறுபடி துளிர்க்கவேயில்லை, வறண்ட மரம் வேரில் சேமித்த கடைசி உணவைக் கொண்டே முதல் இலையை விடுகிறது என்று நாற்பத்திரண்டாம் வயதில் மாலை வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசித்தபோது விரல் அவ்வரியிலேயே நின்றுவிட்டது, அந்த ஒன்பதில் என் தொரட்டி மொட்டையடித்தவை எத்தனை என்று மனம் எண்ணத் தொடங்கியது, இன்னும் எண்ணுகிறது.

இதோ மீண்டும் மூன்றாண்டு வறட்சி, மீண்டும் மாசி மழை, அண்ணன் மனைவி சீனித்தாய் கூட்டத்தோடு வந்து நிற்கிறாள், ஏட்டி, வழிய விடு, மூணு வருசமா அரப்பு இல்லாம கெடக்கோம், விடமாட்டேன் மைனி, பூத்துக் காய் பிடிக்கட்டும், பெறவு உருவுவோம், ஆமா, நாலெழுத்துப் படிச்சிட்டா, இனி மரத்துக்கும் மணியடிச்சுப் பாடம் எடுப்பா, சிரிப்பு பாறையில் மோதித் திரும்புகிறது. ஒருத்தியின் தொரட்டி தொங்கும் மரத்தை வேறொருத்தி தொடக்கூடாது என்பது எங்கள் கரட்டு வழக்கம், ஆனால் என்னிடம் இருப்பது ஒரே தொரட்டி, எஞ்சிய மரங்களோ பன்னிரண்டு, அரிவாளை எடுக்கிறேன், கூறுகெட்டவளே, வயித்துப்பாட்டையா வெட்டுத, மைனியின் குரல் கேட்கக் கேட்க மூங்கிலைப் பன்னிரண்டாகத் தறிக்கிறேன், மரத்துக்கு ஒன்றாகக் கட்டுகிறேன், கொக்கியுள்ள துண்டு மூத்த மரத்துக்கு, துண்டெல்லாம் தொரட்டி ஆகுமாட்டி என்கிறாள் பின்னால் ஒருத்தி, வெட்டுனாலும் என் தொரட்டிதான், தொட்டுப் பாருங்க, மைனி நெடுநேரம் கொக்கியைப் பார்த்தாள், தூ என்று துப்பினாள், வாங்கட்டி போவோம், வழக்கத்த மீறுனோம்னு இவ நமக்கும் பாடம் எடுப்பா.

தொரட்டியற்ற நான் செங்கல் சூளையில் மண் சுமக்கிறேன், சுமந்தேன், தலைச்சுமையோடு கரட்டைக் கடக்கும்போதெல்லாம் செந்துளிர் பச்சையாவதைப் பார்த்தேன், பச்சை கருக்கிறது, சித்திரை பிறக்கிறது, பன்னிரண்டும் ஒருசேரப் பூக்கின்றன, கீழ்க்காட்டுப் பூசணிக்கொடிவரை தேனீ இரைச்சல், கொக்கி அங்கேயே தொங்குகிறது, அதன் வளைவில் கொம்புத்தேனீக்கள் உள்ளங்கையளவு அடை கட்டியிருக்கின்றன, மைனி அடியில் நின்று அண்ணாந்து, எப்ப உருவலாம்னு உன் புஸ்தகம் சொல்லுது என்கிறாள், இந்தமுறை சிரிக்காமல், காய் பிடிக்கட்டும் மைனி, நானே சொல்லுதேன், கொக்கி பூங்கொத்தைத் தொட்டபடி நிற்கிறது, இழுக்க எவள் கையும் இல்லை.