எட்டாவது பனிக்காலம்

உறைபனி விழுந்த மறுநாள் காலையில், தோட்டக்காரி பாத்தியின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்தாள். ஒரு கீரைகூடக் கருகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் பேயறைந்தவன் போல நின்றிருந்தான். அவன் போர்த்திய துணி, ஓரத்தில் வைத்த கற்களில் உரசி நார்நாராகக் கிழிந்திருந்தது. அது அவன் வாங்கிய நாலாவது துணி.

அவள் கல் வைப்பதில்லை. கணவனின் பழைய காலுறைகளில் மணல் அடைத்து வைப்பாள். பனிக்காலம் முடிந்ததும் துணியைக் கையால் அலசி, நிழலில் காயவைத்து, ஓட்டையைத் தைத்து, எலி எட்டாத பரணில் ஏற்றிவிடுவாள். "இனி தாலாட்டுதான் பாக்கி அண்ணி" என்று வருஷா வருஷம் கேலி பேசியவன்தான் இவன்.

இன்று வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினான். "நல்ல கெட்டித் துணியா இருக்கே அண்ணி. எந்தக் கடையில வாங்கினீங்க?"

அவள் அவசரப்படாமல் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"எட்டு வருஷம் முன்னாடி நாம சேர்ந்துதானே போனோம் தம்பி. இருக்கறதுலயே கெட்டியான சுருளா நான்தான் எடுத்தேன். உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி வெட்டிக் குடுத்தாங்க. என் பாதிதான் இது."