கோட்டின் கை அளவு

1

இந்தக் கதையில் பாதியை நான் கட்டிவிட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக நடுக்கடலில் ஒரு புயலைச் சேர்த்தேன். இன்று என் சித்தப்பா அந்தப் புயலைக் கண்ணால் பார்த்தவர் மாதிரி தன் பேரனுக்குச் சொல்கிறார். அதைத் திரும்ப வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

புயலைக் கழித்தால் மிச்சம் இதுதான். அண்ணன் தம்பி இரண்டு பேர், இருவரும் தையல்காரர்கள். கடல் தாண்டி ஒரு கோட்டுப் பட்டறையில் வேலை செய்ய அண்ணனுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு வந்தது. ஆனால் கப்பலேறியது தம்பி. அந்தச் சீட்டில் படம் கிடையாது. அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அண்ணனின் பெயரைத் தன் பெயராகச் சொல்லி இறங்கிவிட்டார். அந்தத் தம்பி என் கொள்ளுத்தாத்தா. வீட்டில் அவர் சின்னவர். ஊரிலேயே நின்றுபோன அண்ணன் பெரியவர். சீட்டிலிருந்த பெயர்தான் எங்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயர்.*

* இந்தக் கதையின் தலையில் என் பெயர் போட்டால், அதில் பாதி பெரியவருடையது.

2

முதல் தொடக்கம்: கப்பல் கரையை விட்டு விலகியபோது அவர் திரும்பிப் பார்

(வேண்டாம். குடியேறிய எல்லாருமே கதையில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். கழுத்து வலிக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: பெரியவர் தன் கோட்டைத் தம்பியின் தோளில் போட்டு, “நீ போடா, அப்பா அம்மாவை நான் பாத்துக்கறேன்” என்று

(இப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வோம். ஆனால் இதை யார் பார்த்தது? சொன்னவர் சின்னவர், சாட்சியும் சின்னவர், லாபமும் சின்னவருக்கு. நான்கு தலைமுறையில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை. எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டு திரியும் எனக்கும்தான்.)

3

உறைக்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் பெரியவரின் கொள்ளுப்பேரன், இந்த ஊருக்கு வேலைக்கு வந்திருக்கும் பேருந்து ஓட்டுநர், எனக்கு அண்ணன் முறை. அவர்கள் வீட்டில் கதை வேறு மாதிரி. பெரியவர் அசந்து தூங்கிய நேரம் பார்த்துத் தம்பி சீட்டையும் கோட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவர்கள் வீட்டுக்கு ஏமாளி வீடு என்று பெயர். ஓட்டுநரின் அப்பா அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்தவர். இப்போது அங்கே படுக்கையில் கிடக்கிறார். எங்க தாத்தா கொடுத்தாரா, ஏமாந்தாரா, நேரில் போய்க் கேட்டுவிட்டு வா என்று மகனை விரட்டுகிறாராம்.

பேச்சோடு பேச்சாக, பெரியவர் இடதுகைக்காரர் என்றும் ஓட்டுநர் சொன்னார். தையல் திருத்தும் கடை நடத்தும் என் அத்தை, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே மிதித்த மெஷினைச் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அத்தை விளக்கியது இது. சின்னவர் குட்டை, கோட்டின் கை அவருக்காக இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கப்பட்டது. இடதுகைக்காரர் ஊசியால் தைத்தால் தையல் எதிர்ப்பக்கம் சாயும். மடித்தது பெரியவர் என்றால் தெரிந்தே தம்பியை அனுப்பினார் என்று அர்த்தம். சின்னவரே மடித்துக்கொண்டார் என்றால், திருட்டு.

அப்புறம் என்ன, கோட்டுதான் அலமாரியில் இருக்கிறதே, பார்த்துவிடலாம் என்றேன்.

“எதைப் பாக்கறது? பத்தொன்பது வயசுல அதைப் பிரிச்சு மறுபடி தச்சவளே நான்தான். அசிங்கமா இருந்துச்சு, பிரிச்சேன். எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு யாரு பாத்தா?”

(எங்கள் குலநோய் இது. கோணல் தையலைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. பொத்தான்கூடத் தைக்கத் தெரியாத ஒரே பிறவி நான். கோட்டு என் கைக்கு வந்திருந்தால் சாட்சி பிழைத்திருக்கும்.)

4

ஞாயிறு மதியம் ஓட்டுநர் வந்தார். அவரை எழுதச் சிரமமாக இருக்கிறது. கோபக்காரராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “உங்களை அத்தைன்னு கூப்பிடலாமா?” என்று கேட்ட மனுஷனை எப்படிக் கோபக்காரராக்குவது?

அத்தை கோட்டை மேசையில் விரித்தாள். கையைப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தாள். தன் தையலைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு உங்கள் அப்பாவைக் கூப்பிடுங்கள் என்றாள். ஓட்டுநர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணா, நான் சின்னவர் பேத்தி பேசறேன். கோட்டை என் கண்ணால பாத்தேன். இடதுகைத் தையல். உங்க தாத்தாதான் மடிச்சுக் கொடுத்திருக்காரு.”

அந்தப் பக்கத்திலிருந்து ஓட்டுநரின் அப்பா, “தம்பிக்குக் கை அளவு சரியா இருந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“அளவா இருந்துச்சு, அண்ணா.”

இந்த ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. ஓட்டுநர் அழுதார். நானும் அழுதேன், பொய்யென்று தெரிந்தும் அழுதேன்.

5

முடிவு அ: அத்தை சொன்ன பொய் நல்ல பொய், எல்லாரும் நலம். (கல்யாண வாழ்த்து மடல் மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: ஓட்டுநருக்கு உண்மை தெரிந்து, அவர் திரும்பி வந்து அத்தையை

(நடக்காததை எழுதி, நாளை சித்தப்பா அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லவா?)

நடந்தது இதுதான். ஓட்டுநர் போனதும் அத்தையிடம் சண்டைக்கே போய்விட்டேன். எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரியாது என்றவள் எப்படி அடித்துச் சொல்லலாம் என்றேன். அத்தை கோட்டையும் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியையும் என் மடியில் வைத்தாள்.

“நூல் போனாலும் லைனிங் துணியில ஊசி ஓட்டை போகாது, எழுத்தாளரம்மா. என் தையலுக்கு அடியில பழைய ஓட்டை அப்படியே இருக்கும். வேணும்னா பிரிச்சுப் பாரு. பாத்தா எங்கிட்ட சொல்லாதே.”

6

கோட்டு இப்போது என் மேசையில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வலது கையில் ஒரு தையலைப் பிரித்துவிட்டேன். ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இன்னும் நான்கைந்து பிரித்தால் ஓட்டைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெரிந்துவிடும். எனக்குப் பிரிக்க வரும், திரும்பத் தைக்க வராது.

இதைப் படிக்கும் நீங்கள் எனக்கு என்ன முறையோ தெரியாது. இந்தாருங்கள், கத்தியைப் பிடியுங்கள். பிரிப்பதானால் பிரியுங்கள். பார்த்தால் என்னிடமும் சொல்ல வேண்டாம்.