உருளை அதிர்ந்த நேரம்

1998 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை, காலை 11.18. ரோமுக்குத் தெற்கே மலைச்சரிவில் உள்ள ஓர் ஆய்வகத்தில், கடுங்குளிரில் தொங்கவிடப்பட்டிருந்த இரண்டு டன் அலுமினிய உருளை அதிர்ந்தது.

எங்கோ ஒரு விண்மீன் வெடித்தால் வந்து சேரும் ஈர்ப்பு அலைக்காகவே அந்த உருளை இருந்தது. ஆனால் காஸ்மிக் கதிர்களும் அதை அசைத்துவிடும். அவை பாயும் வழியில் அலுமினியம் இம்மியளவு சூடாகி, சட்டென விரிந்து மணிபோல் அதிரும். அதனால் மேலும் கீழும் வாயுக் குழாய்களை அடுக்கியிருந்தார்கள். கதிர்கள் பெருவாரியாகப் பொழிந்தால் குழாய்கள் பதிவு செய்யும். அன்று அந்த நேரத்தில் எந்தப் பதிவும் இல்லை.

ஆய்வாளர் லவினியாவின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. கதிர்களால் வராத இந்த அதிர்வு ஈர்ப்பு அலைதான் என்று நிலைத்தால் வேலையும் நிலைக்கும். இரண்டு வாரம் சரிபார்த்தாள். ஜெனீவா அருகிலிருந்த இன்னோர் உருளை அன்று பழுதுபார்ப்பில் இருந்ததால் ஒப்பிட வழியில்லை. திங்களன்று ரோமில் நடக்கும் கூட்டத்தில் அறிவிக்கவிருந்தாள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, குழாய்களைக் கவனிக்கும் டெக்னீஷியன் நத்சரேனோ அவள் அறைக்கு வந்தார்.

“டாக்டரம்மா, அந்த பதினொண்ணு பதினெட்டுக்கு குழாய் ஓடல. நான் கேஸ் சிலிண்டர் மாத்திட்டிருந்தேன்.”

“விளையாடாதீங்க. பதினொன்றரைக்கு நிறுத்தி, அம்பதுக்குப் போட்டதா நீங்கதானே நோட்டுல எழுதியிருக்கீங்க?”

“காப்பி குடிச்சிட்டு வந்துதான் எழுதுவேன். எப்பவும் ஒரு குத்துமதிப்புதான். நிறுத்தினது பதினொண்ணு பத்துக்கு. அரைக்கெல்லாம் போட்டுட்டேன்.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“அன்னிக்கு கேன்டீன்ல கடைசி க்ரீம் பன்னை என் கையிலிருந்து பிடுங்கினது யாரு? அப்ப மணி என்ன?”

லவினியா யோசித்தாள். பதினொன்று முப்பத்தைந்து. கடிகாரத்துக்குக் கீழேதான் நின்றிருந்தார்கள். குழாய் அறையில் இருந்ததாக நோட்டு சொன்ன நேரத்தில் அவர் அவளுக்கு எதிரே நின்று, “படிச்சவங்களுக்கு இவ்வளவு பசியா?” என்று கேலி செய்துகொண்டிருந்தார்.

“ரெண்டு வாரமா ஏன் வாயைத் திறக்கல?”

“நீங்க பாட்டுப் பாடிட்டே மாடிப்படி இறங்குனீங்க. எப்படிச் சொல்றது? இப்பவும் வேணாம்னா சொல்லுங்க, நான் வந்ததையே மறந்துடறேன்.”

“மறந்துடுவீங்களா?”

“மாட்டேன்” என்றார் நத்சரேனோ. “ஆனா வெளியே மூச்சு விட மாட்டேன்.”

லவினியா நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். அவர் பழைய நேரத்தை அடித்துவிட்டுச் சரியான நேரத்தை எழுதினார். பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

“திட்டுங்க டாக்டரம்மா. ஏதாவது சொல்லுங்க.”

“அப்புறமா திட்டுறேன். இப்ப பேராசிரியர்கிட்ட போகணும், கூட வாங்க.”

குழாய்கள் நின்றிருந்த நேரத்து அதிர்வுகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது விதி. ஆய்வுக் குழுவை நடத்தும் பேராசிரியர் 11.18-ஐப் பட்டியலிலிருந்து நீக்கினார். திங்களன்று லவினியா பேசவில்லை. ஜூன் 30 அன்று அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை.