கொழுந்து வெளுத்த செடிகள்

விளக்கு வெளிச்சத்தில் ஜெர்பரா பூ வளர்க்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. இலையைப் புரட்டிப் பார்த்தே செடிக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவாள். கூட வேலை செய்தவர்கள் பாதி கேலியாக, பாதி மரியாதையாக 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணவன் அங்கேயே உரம் கலக்கும் ஆள்.

முதலாளியின் மருமகன் பொறுப்புக்கு வந்ததும் முதல் காரியமாக ஆழ்துளைக் கிணறு போட்டார். அந்தத் தண்ணீர் பாய்ந்து இரண்டே மாதத்தில் செடிகள் மஞ்சளித்தன. யூரியா போதவில்லை என்றார் அவர். அவள் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தாள்.

"யூரியா பத்தலன்னா அடியில இருக்கிற முத்தின இலைதான் முதல்ல மஞ்சளாகும் சார். இங்க கொழுந்து வெளுக்குது, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. இது இரும்புச்சத்துக் குறை. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல. கிணத்துத் தண்ணியில காரத்தன்மை அதிகம், அதான் வேரால எடுக்க முடியல."

கிணற்றைக் குறை சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே யூரியாவை இரண்டு மடங்கு ஊற்றச் சொன்னார். அவள் கணவன் மறுபேச்சில்லாமல் கலந்து ஊற்றினான். நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, மொட்டுகள் தலை தொங்கிவிட்டன.

முதலாளியே வந்து விசாரித்தார். மருமகன் அவளைக் கை காட்டினார். அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் தரையைப் பார்த்தபடி, "அவதான் அளவு சொன்னா" என்றான்.

அன்றோடு அவள் வேலை போயிற்று. இரண்டு பேர் வேலையும் போனால் மகள் படிப்பு என்ன ஆவது, எப்படியும் யாராவது ஒருத்தர் தலை உருளத்தான் போகிறது என்று வீட்டில் அவன் நியாயம் பேசினான்.

ஒன்றரை மாதம் கழித்து, சாப்பிடும்போது அவனே பேச்சை எடுத்தான். தண்ணீரில் அளவாக அமிலம் சேர்த்து, இரும்புச்சத்துக் கரைசல் கொடுத்ததில் புது இலையெல்லாம் பச்சை பிடித்துவிட்டதாம். முதலாளி எல்லோர் முன்னாலும் மருமகனைப் பாராட்டினாராம். அவள் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான் போல.

"நீங்களும் கை தட்டுனீங்களா?"

"எல்லாரும் தட்டினாங்க" என்றான்.

அன்றிலிருந்து அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மகளிடம்தான் சொல்கிறாள். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அவன் எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பான்.