முத்தலிப் சேருக்குக் கிடைத்த மூன்றாம் வரி

ஏறாவூரில் கணினி வகுப்பு நடத்தும் முத்தலிப் சேரின் விசிட்டிங் கார்டில் ‘எழுத்துருச் சிற்பி’ என்றிருக்கும். செய்தது ஒரேயொரு எழுத்துரு. அதில் ‘ஞ’ கொஞ்சம் சரிந்து நிற்கும். அதுதான் தன் பாணி என்பார்.

அவரிடம் படித்த ஸாஹிர், லினக்ஸ் கணினிகளுக்குத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றை வெளியிட்டான். அதனோடு வேறு எவை வரவேண்டும் என்று மூன்று வரி எழுதியிருந்தான். ‘கட்டாயம்’ வரியில் உள்ளது கிடைக்காவிட்டால் நிறுவலே நடக்காது. ‘பரிந்துரை’யில் உள்ளது கேட்காமலே கூடவே வரும், கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது. ‘விரும்பினால்’ வரியில் உள்ளதன் பெயர் மட்டும் திரையில் ஓரமாகத் தெரியும். அவ்வளவுதான்.

பரிந்துரையில், சேரிடமே படித்த அம்னாவின் அகராதி. விரும்பினால் வரியில் சேரின் எழுத்துரு.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அம்னாவுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். அவளுடையது கேட்காமலே வீடு வீடாகப் போகிறது. இவருடையதை யாராவது விரும்ப வேண்டுமாம்!

வந்தாறுமூலைப் பக்கம் ஒரு புதிய பயிற்சி நிலையம். திறப்பு விழாவில் நாற்பது கணினிகளிலும் ஸாஹிரின் மென்பொருளை நிறுவப்போகிறார்கள். விழாவன்று காலை சேர் ஒன்பது தடவை அவனுக்குப் போன் அடித்தார்.

“மகன், என்னக் கட்டாயத்தில போடு.”

“உங்கட எழுத்துரு இல்லாட்டியும் மென்பொருள் ஓடும் சேர்.”

“அவட அகராதி இல்லாட்டி?”

“அதும் ஓடும். ஆனா ஆக்கள் தேடுவாங்க.”

“என்னய ஆரும் தேடமாட்டாங்க எண்டுறியா?”

“அப்பிடிச் செல்லல்ல சேர். பரிந்துரையில போடுறன்.”

“அவளோட ஒரே வரியிலயா? மேல போடு மனெ!”

ஸாஹிர் அவசர அவசரமாக எழுத்துருவைக் கட்டாய வரிக்கு மாற்றிப் பதிவேற்றினான்.

சேரின் எழுத்துருவுக்கும் ஒரு கட்டாய வரி இருந்தது. ‘முத்தலிப்-அறிமுகம்’ என்று அதில் அவரே எழுதியிருந்தார். தன் படமும் வாழ்க்கைக் குறிப்பும் கொண்ட கோப்புப் பொதி அது. கோட் போட்ட படமா, போடாத படமா என்று எட்டு மாதமாக முடிவாகாததால் அதை அவர் பதிவேற்றவேயில்லை. எழுத்துருவை ஒருவரும் விரும்பாததால் அந்தக் குறை ஒருவருக்கும் தெரியவுமில்லை.

பிரதம விருந்தினர் பொன்னாடையோடு பொத்தானை அழுத்தினார். நாற்பது திரையிலும் ஒரே வாசகம்: ‘நிறுவ முடியவில்லை. முத்தலிப்-எழுத்துருவுக்குத் தேவையான முத்தலிப்-அறிமுகம் கிடைக்கவில்லை.’

“ஆரு இந்த முத்தலிப்?” என்றார் விருந்தினர்.

ஸாஹிர் மடிக்கணினியோடு மூலைக்கு ஓடினான், வரியைப் பழைய இடத்துக்கே மாற்ற.

விழாவுக்கு வந்து அடுத்த நாற்காலியில் இருந்த அம்னா சேரின் பக்கம் சாய்ந்தாள். “நாப்பதிலயும் நீங்கதான் சேர்.”

அவர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகத் திரைகளைப் பார்த்து வந்தார்.

“உண்ட பேர் ஒண்டுலயும் இல்லயே புள்ள,” என்றார்.

பிறகு போனில் கேமராவைத் திறந்து அவளிடம் நீட்டிவிட்டு, ஒரு திரைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.

“கெதியா எடு. மறுகா அழிச்சிருவான்.”