தாரிகன் வீட்டுச் சுவருக்கு வந்த இருமல்

உக்குர் தாரிகன் வீட்டு நடுச்சுவருக்கு இருமல் பிடித்தது சினாபுங் எரிமலை வெடிக்கத் தொடங்கிய ஐந்தாம் வருஷம், முட்டைக்கோஸ் அடிமாட்டு விலைக்குப் போன மாதத்தில். அதற்கு முந்தைய வருஷம்தான் அது பேசவே ஆரம்பித்திருந்தது. கூத்தா ரீமோ கிராமத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டப்பகலில் விளக்கேற்றிச் சமைக்கிற காலம் அது. ஆரஞ்சு மரங்கள் சாம்பல் கனம் தாங்காமல் கிளை முறிந்து கிடந்தன. பிள்ளைகள் கண் சிவந்து, தோல் தடித்து, சொறிந்துகொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். கோழிகள் காலையா மாலையா என்று தெரியாமல் கூவின. இத்தனைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் வாய் திறந்தது என்பதற்காக யார் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள்?

தவிர, அந்தச் சுவருக்குப் பேச நியாயமான காரணமும் இருந்தது. மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசுகிற கேவலம் அந்த மலைப்பக்கத்துக் காரோ சனங்களில் கிடையாது. சொல்ல வேண்டியதை நடுவில் ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பானையையோ தூணையோ பார்த்துச் சொல்லிவிட்டால் போதும், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். உக்குரின் மனைவி மாலெம் இருந்தவரை அந்த வேலை அவளுடையது.

“உங்கம்மாகிட்ட சொல்லு, மீன் குழம்பு அருமைன்னு.”

“அம்மா, குழம்பு அருமையாம். ரெண்டடி தள்ளித்தானே உட்கார்ந்திருக்கீங்க ரெண்டு பேரும், காதுல விழாதா? எனக்குச் சோறு இறங்க வேண்டாமா? நான் என்ன இந்த வீட்டுத் தபால்பெட்டியா?”

“மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா, தபால்பெட்டிக்கு வாய் ஜாஸ்தின்னு” என்பாள் அம்மா.

மலையிலிருந்து விழுவதற்குச் சாம்பல் என்று பெயர்தானே தவிர, அது அடுப்புச் சாம்பலோடு சேர்த்தி இல்லை. கல்லும் கண்ணாடியும் மாவாக அரைபட்டு விழுகிறது. நெஞ்சுக்குள் போனால் அங்கேயே குடியிருந்துகொள்ளும். மாலெமுக்குச் சின்ன வயதிலேயே இழுப்பு உண்டு. மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் அவளுடைய மூச்சுக்குழல் ஊசிக்காது அளவுக்குச் சுருங்கியது. ஒருநாள் தக்காளி பறித்துக்கொண்டிருந்தபோது அதுவும் அடைத்துக்கொண்டது. குழந்தை குட்டி இல்லை. அவளுடைய அம்மாவை ஊரார் நாந்தே மாலெம், மாலெமின் தாய், என்றுதான் அழைத்து வந்தார்கள். மகள் போன பிறகும் அப்படியே அழைத்தார்கள், வேறு எப்படி அழைப்பது?

வீட்டில் மாமியாரும் மருமகனும் மட்டும் மிஞ்சினார்கள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொரு குடும்பமாக அரசாங்கம் கட்டிய தகரக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவரை இருவரும் தனித்தனியாகவே தேர்ந்தெடுத்தார்கள். அவன் இந்தப் பக்கம் நின்று, “சுவரே, மாமிகிட்ட சொல்லு, இன்னிக்கு வர நேரமாகும்” என்று உரக்கச் சொல்வான். அந்தப் பக்கத்திலிருந்து, “சுவரே, சோறு மூடி வெச்சிருக்கேன்னு சொல்லு” என்று பதில் வரும். ஒரு குறையும் இல்லை. சுவர் ஊமையாக இருந்தவரை அதைப் போல நல்ல தூதர் கிடையாது.

பெரிய வெடிப்பு ஒன்று முடிந்து மூன்று விரற்கடை சாம்பல் விழுந்த காலையில் அது முதன்முதலாகப் பேசியது. “சரிங்க மாப்பிள்ளை, மாமி காதுல போட்டுடறேன்” என்று வயதானவர் குரலில் பணிவாகச் சொன்னது. உக்குருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வாங்கிச் சொல்ல ஆள் இருக்கும்போது பெரியவர்கள் காதுபடக் கத்துவது மரியாதை இல்லை. அன்றிலிருந்து இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவன் விடியற்காலையில் பலகையில் வாய் வைத்து ரகசியம்போலச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போவான். அவள் பகலில் சொல்லி வைப்பாள். மாலையில் சுவர் கொண்டுவந்து கொடுக்கும்.

அந்தச் சுவர் எப்பேர்ப்பட்ட சுவர் என்பதை அப்போது அவன் யோசிக்கவில்லை. நாற்பது வருஷமாக அந்த வீட்டில் நடந்த கல்யாணப் பேச்சு அத்தனைக்கும் முதுகு கொடுத்து நின்றது அது. இரு தரப்பும் வெற்றிலை மென்றபடி, கசப்பு எதையும் ஏழு துணியில் சுற்றி நீட்டுகிற பேச்சு மட்டும்தான் அதற்குத் தெரியும். யார் மனதையும் நோகடித்துப் பழக்கமில்லாத ஜென்மம்.

நாந்தே மாலெமுக்கோ துடைப்பம் கையை விட்டு இறங்கவில்லை. பொழுது விடிந்தால் தரை, பரண், சன்னல், மாலெம் படுத்த பாய் என்று வறட்டு வறட்டென்று பெருக்குவாள். வீடு முழுக்கப் புகைமூட்டமாகும். நடுவில் நின்று இருமுவாள். “என் பொண்ணைத் தின்னது இது. இதுக்கு வீட்டுக்குள்ள இடம் வேற கொடுக்கணுமா?” என்று துடைப்பத்திடம் கேட்பாள். முகமூடி கொடுக்க வரும் நர்ஸ் ரெஹ்னா, தண்ணீர் தெளித்து ஈரத்தோடு அள்ளச் சொல்லிப் பார்த்தாள். “இது மாப்பிள்ளை வீடு. அவர் சொல்லட்டும், கேட்டுக்கறேன்” என்று முகத்திலடித்தாற்போல் பதில் வந்தது.

மாப்பிள்ளை சொல்லாமலா இருந்தான்? “சுவரே, மாமிகிட்ட கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லு. பெருக்க வேண்டாம். காய்ஞ்ச சாம்பல் கிளம்பி நெஞ்சுக்குள்ள போகுது. மாலெம் போனதே போதும், இவங்களாவது இருக்கட்டும்” என்று விடியலில் சொல்லிவிட்டுப் போவான். சுவர் அந்தப் பக்கம் திரும்பி, “இந்த வீடு இவ்வளவு சுத்தமா இருக்கறது மாமி கைராசின்னு மாப்பிள்ளை சொல்லச் சொன்னார்” என்று சொல்லும். அவள் கண் துடைத்துக்கொண்டு இன்னும் அழுத்திப் பெருக்குவாள். பகலில் மூச்சு முட்டும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு அவள் என்னவோ சொல்வாள். மாலையில், “மாமி இன்னிக்கு நல்லாத் தூங்கி எழுந்தாங்களாம்” என்று சுவர் அவனிடம் சொல்லும். எவ்வளவு சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத பிடிவாதக்காரி என்று அவன் மனதுக்குள் கருவினான். கல்நெஞ்சுக்காரன் கையில் மகளைக் கொடுத்தோமே என்று அவள் கருவினாள். ஒரே கூரையின் கீழ் இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

இரண்டு பேருடைய மூச்சும் மோதி மோதித்தான் சுவருக்கு இருமல் வந்தது. நர்ஸ் ரெஹ்னா ஸ்டெதாஸ்கோப் குழாயைப் பலகையில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. வெந்நீர்ல துணி நனைச்சுத் துடைச்சு விடுங்க. வேற மருந்து கிடையாது, மனுஷங்களுக்கே கிடையாது” என்றாள். உக்குர் துடைத்துவிட்டான். கொஞ்ச நாளில் சுவருக்குப் பேச்சு பாதியாயிற்று, பிறகு வெறும் இருமலாயிற்று.

மலை மறுபடி குமுறிய ஒரு காலையில் அவன் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் துடைப்பம் ஓடுகிற சத்தம், இருமல், மறுபடி துடைப்பம். அவன் சொன்னதைச் சுவரால் வாங்க முடியவில்லை, இழுத்து இழுத்து இருமியது. அவன் சுவரைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தான். கல்யாணமான நாளிலிருந்து செய்யாததை, அவனுடைய அப்பனும் பாட்டனும் செய்யாததைச் செய்தான். அவள் முகத்தைப் பார்த்து, “மாமி, போதும். கீழ போடுங்க” என்றான்.

நாந்தே மாலெம் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துடைப்பம் கீழே விழுந்தது. துணிக்குள்ளிருந்தே பேசினாள்.

“இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க, மாப்பிள்ளை? மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனை தரம் சொல்லி விட்டேன்?”

“எனக்கு வரலையே மாமி. நல்லாத் தூங்கினீங்கன்னுதான் சொல்லுச்சு.”

“பெருக்கறது கைராசின்னு சொன்னீங்களே?”

“பெருக்காதீங்கன்னு சொன்னேன். தினமும் சொன்னேன்.”

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் இருமியது.

அவளை மோட்டார் சைக்கிளில் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, கபான்ஜாஹே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மருமகனின் முதுகில் மாமியார் சாய்ந்து வருவதை வழிநெடுகப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மலை நின்றது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். மழை பிடிப்பதற்குள் அவளை மாலெமுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். கிடைத்த கொஞ்ச நாட்களில் மாமியும் மருமகனும் நேராகவே பேசினார்கள் என்கிறார்கள். மூச்சு இல்லாததால் ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசியிருப்பாள், அதுவும் பெரும்பாலும் தண்ணீர் கேட்டுத்தான்.

புதைத்துவிட்டு வந்த மாலையில் சுவர் தொண்டையைச் செருமிக்கொண்டது. மனம் நோகாமல் காப்பாற்ற இனி ஆள் இல்லை என்பதாலோ என்னவோ, துணியில் சுற்றாமல், நாந்தே மாலெமின் வார்த்தையாகவே கொடுத்தது. “மாப்பிள்ளைகிட்ட சொல்லு. நெஞ்சு அடைக்குது. என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போகச் சொல்லு.” பிறகு தன் பழைய குரலில், “இது போன வருஷம் நீங்க மிளகாய் நட்ட அன்னிக்குச் சொன்னதுங்க” என்று சொல்லிவிட்டு இருமியது. மறுநாள் இன்னொன்று வந்தது. அடுத்த நாளும் வந்தது.

அதிகாரிகள் இரண்டு தரம் வந்து, எல்லாரும் ஊரைக் காலி செய்துவிட்டார்கள், நீயும் கிளம்பு என்றார்கள். இன்னும் சேதி பாக்கி இருக்கிறது என்று உக்குர் சொன்னான். அவர்களும் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவனுக்கும் இருமல் உண்டு. தோட்டத்திலிருந்து வந்ததும் கை கால் கழுவி, சோற்றுத் தட்டோடு சுவரின் பக்கத்தில் உட்கார்கிறான். மாமி சொன்னதைச் சுவர் சொல்கிறது. “இதோ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு” என்று அவன் பதில் சொல்கிறான். சுவர் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது.