வெங்காயக் காட்டில் ஒரு ஜோடிச் செருப்பு

டாக்டர் வினோதினி ஸ்கேன் படத்தையும் மலப் பரிசோதனைச் சீட்டையும் மேசையில் வைத்துவிட்டு, குனிந்து ஜெயசித்ராவின் கால்களைப் பார்த்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் அந்தப் பாதங்கள் கரிசல் அப்பி வெடித்திருந்தன. அவள் விரல்களை மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"செருப்பு எங்கம்மா?"

"போடறதில்லைங்க."

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் மணிமாறன் சுவரைப் பார்த்தான். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனபோது அவள் சிறுவாச்சூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டது அது. அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வரும்வரை என் காலில் செருப்பு ஏறாது. அன்றிலிருந்து வெங்காயக் காடு, பஸ் ஸ்டாண்ட், கொதிக்கிற தார் ரோடு எல்லாமே வெறுங்கால்தான். ஊரே மெச்சியது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, பொய் சொல்வானேன்.

"கொக்கிப்புழும்மா. ஈர மண்ணுலேர்ந்து உள்ளங்கால் வழியா ஏறும். குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். உடம்பு அதோட சண்டை போட்டுப் போட்டு உள்ளுக்குள்ள வீக்கம் கண்டுடும். அது நஞ்சுக்கொடியையும் கெடுக்கும். அந்த வழியாத்தான பாப்பாவுக்குச் சாப்பாடு போவணும்? மாசத்துக்குத் தக்க எடை இல்ல."

ஜெயசித்ரா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "போன புள்ளையும் இதாலதானுங்களா?"

"அத இப்ப சொல்ல முடியாதும்மா. இந்தப் புள்ளைக்கு நேரம் இருக்கு. மாத்திரை தரேன். ஆனா செருப்பு போட்டே ஆவணும்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். போட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள், போடாவிட்டால் புழு தின்னும். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் பிள்ளையைத்தான் மிதிக்கப் போகிறோம் என்று தோன்றியது. மணிமாறன் டவுனில் வாங்கிய புதுச் செருப்பு வீட்டில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மாத்திரையை மட்டும் விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவனைக் காணோம். வெயில் ஏறியபிறகு, அவள் களை எடுத்துக்கொண்டிருந்த வெங்காயக் காட்டு வரப்பில் வந்தான். நெற்றியில் குங்குமம், கையில் அவனுடைய பழைய செருப்பு, காலில் ஒன்றுமில்லை.

"எங்க போனீங்க?"

"சிறுவாச்சூருக்கு. உன் வேண்டுதல எம் பேருக்கு மாத்திட்டேன். ஒனக்குக் கால்தான வேணும், எங் கால எடுத்துக்கன்னு சொன்னேன்."

"சாமி ஒத்துக்கிச்சா?"

"வேணாங்கலியே."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஒங்களுக்குப் புழு ஏறாதா?"

"டாக்டரம்மாட்ட கேட்டு எனக்கும் மாத்திரை வாங்கிட்டேன். ஏறுனா ஏறட்டும். என் வயித்துலயா புள்ள இருக்கு?" என்றவன், செருப்பைத் தட்டி அவள் முன்னால் வைத்தான். "இதப் போடு. புதுசு கடிக்கும்."

அவள் சிறுவாச்சூர்த் திசையில் ஒருமுறை கைகூப்பினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை நுழைத்தாள். அவன் காலின் தடம் அதில் பதிந்திருந்தது. மற்ற காலையும் நுழைத்தாள்.

வரப்பில் அவன் முன்னால் நடந்தான். நாலடி போவதற்குள் நெருஞ்சி முள் குத்தி, "அய்யோ" என்று ஒற்றைக்காலில் தள்ளாடினான். அவள் செருப்பு சரட் சரட்டென்று தேய ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கையில், அவள் வயிற்றுக்குள் மெல்ல ஒரு அசைவு. அவள் மூச்சுவிடாமல் நின்றாள், பெரிய செருப்பைக் கால்விரல்களால் இறுக்கிப் பிடித்தபடி.